நூல்கண்டில் முடிச்சு

"ஐயோ, கண்ணைத் திறங்க! விரலை நறுக்கிக்கப் போறீங்க!"

சமையலறை வாசலில் நின்று தையல்காரி போட்ட சத்தத்துக்கும் அவள் கணவர் கண்ணைத் திறக்கவில்லை. இறுக மூடியபடியே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு வேறு.

"பார்த்தியா டெய்லரம்மா, எப்படிப் பொடிப்பொடியா விழுதுன்னு? விரலை மடக்கி வெச்சுக்கிட்டா போதும், கத்தி தானா வழி கண்டுபிடிச்சுக்குது. இந்த வயசுல புதுசா ஒண்ணு கத்துக்கறதுல இவ்வளவு சந்தோஷம் இருக்கும்னு தெரியாமப் போச்சே!"

அவர் எலக்ட்ரீஷியன். சமையலறைக்குள் அவர் வந்தாலே பல்பு போய்விட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மனிதர் ஒரு மாதமாக இந்தக் கூத்தடிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போடுகிறார், சுவரைத் தடவியபடி மாடிப்படி ஏறுகிறார், ஊசியில் நூல் கோர்க்கிறார். ஒவ்வொன்றும் கைவந்ததும் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி துள்ளுகிறார்.

"நீயும் ஒரு தடவை கண்ணை மூடிப் பாரேன். ஜாலியா இருக்கு."

"எனக்கென்ன பைத்தியமா?"

அவர் முகத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது. பிறகு மறுபடி கத்தியின் சத்தம், ஒரே சீராக.

முதலில் அவளும் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு வருவதில்லை. அவர் மட்டுமா மாறினார்? வீடே மாறிப்போயிருக்கிறது. இனி அடக்கிவைக்க முடியாது என்று முன்னறைக்கு வந்து அக்காவுக்கு போன் போட்டாள்.

"அக்கா, வீட்டுல ஏதோ சரியில்லக்கா."

"என்னடி, புதுக் கண்ணாடி போட்டும் தலைவலி விடலையா?"

"அதெல்லாம் விட்டுடுச்சு. இது வேற. கத்தரிக்கோலைப் பக்கத்துல வெச்சுட்டுத் தைச்சுக்கிட்டிருப்பேன், கொஞ்ச நேரத்துல காணாமப் போயிடும். எழுந்து தேடினா வெச்ச இடத்துலயே இருக்கும். காலியா இருக்கற ஹால்ல நடந்தா ஸ்டூல் வந்து இடிக்குது. மூலையில எல்லாம் ஒரே இருட்டு. இவரும் பெரிய பல்பா மாத்தி மாத்திப் பார்த்துட்டார். அந்த இருட்டு மட்டும் நகரவே மாட்டேங்குது."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவரை நினைச்சாத்தான் பயமே. வெறுங்காலோட பூனை மாதிரி நடக்கறார். ஆளே இல்லாத இடத்துல திடீர்னு முளைச்சு நிக்கறார். இன்னைக்கு நூல் டப்பாவைத் திறந்தேன். எல்லா நூல்கண்டுலயும் நுனியில முடிச்சுக்கா! கருப்புல ஒண்ணு, வெள்ளையில ரெண்டு, சிவப்புல மூணு."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "முடிச்சா? யாரோ மந்திரிச்சு வெச்சிருக்காங்கடி. அவரை என்னமோ பிடிச்சிருக்கு. பேசாம கிளம்பி இங்க வந்துடு."

"இவரை விட்டுட்டா? எனக்குன்னு இருக்கறது இவர் ஒருத்தர்தானேக்கா. இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

போனை வைத்துவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பாதியில் நின்ற பள்ளிச் சீருடை அப்படியே கிடந்தது. சமையலறையில் கத்திச் சத்தம் எப்போதோ ஓய்ந்திருந்தது. வீடு மூச்சுக் காட்டாமல் இருந்தது.

"யார்கிட்ட என்னைப் பத்திக் கோள் மூட்டறே?"

குரல் காதோரம் கேட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் யாரும் இல்லை என்று அந்த நொடிவரை சத்தியமே செய்திருப்பாள்.

"டீ போட்டேன், கண்ணை மூடிக்கிட்டே. கப் விளிம்புல விரலை மாட்டி வெச்சுக்கிட்டு ஊத்தணும். விரல்ல சுட்டா நிறுத்திடணும். ஒரு சொட்டுக்கூடச் சிந்தல தெரியுமா!"

"போதும் நிறுத்துங்க!" அவள் கத்தியே விட்டாள். "நூல்ல முடிச்சு போட்டது யாரு?"

"நான்தான்," என்றார் சாதாரணமாக. "தடவிப் பார்த்தாலே கலர் தெரியணும் இல்ல? ஒரு முடிச்சுன்னா கருப்பு, ரெண்டுன்னா வெள்ளை."

மூடிய கண், சுவரைத் தடவும் கை, முடிச்சு. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது பேய்ப் பயம் போய், அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. கண்ணாடி வாங்கப் போன அன்று, அவளை ஃபிரேம் பார்க்கச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, டாக்டர் இவரிடம் வெகுநேரம் தனியாகப் பேசினார். வெளியே வந்தவர் கண் சிவந்திருந்தது. தூசி என்றார்.

"அன்னைக்கு நீங்களும் கண்ணைக் காட்டினீங்க, இல்லையா? எங்கிட்ட மறைக்காதீங்க." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உங்களுக்குப் பார்வை போகப் போகுதா?"



"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. டீயை வாங்கிக்க, ஆறுது."

"எங்க டீ?"

"வந்ததுலேருந்து நீட்டிக்கிட்டே இருக்கேன்."

அவள் தலையை முழுவதுமாகத் திருப்பினாள். அவள் தோளை ஒட்டியே, ஆவி பறக்க, அவர் கையில் கப் இருந்தது.

"ஓரத்துலேருந்துதான் இருட்டிக்கிட்டு வரும்னு டாக்டர் சொன்னார், தடுக்க வழி இல்லையாம்." அவர் குரல் உடைந்தது. "முதல்ல நான் கத்துக்கிட்டாத்தானே உனக்குச் சொல்லித் தர முடியும்?"