டஸ்டர் போன்

இன்றைக்கும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நான் முதலில் பேசுவதில்லை. எட்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் பேசிக்காட்டும் தேர்வுக்கு எனக்கும் ஜெசிந்தாவுக்கும் கிடைத்தது ஒரு தொலைபேசி உரையாடல். இருவர் வீட்டிலும் போன் இல்லை. ஆளுக்கொரு கரும்பலகை டஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு, சைக்கிள் ஷெட்டின் இரு கோடிகளில் நின்று பேசிப் பழகினோம். கேள்விகள் அவளுக்கு, பதில்கள் எனக்கு. பயத்தில் நான் முந்திக்கொள்வேன். "நான் கேட்டு முடிக்கதுக்கு முன்னாலயே பதில் சொன்னா எப்படிட்டி?" என்று டஸ்டருக்குள்ளேயே கத்துவாள். பிறகு, கன்னத்தில் அப்பிய சாக்பீஸ் தூளை ஒருவருக்கொருவர் துடைத்துவிடுவோம். தேர்வுக்கு முந்தின ஞாயிறு, அவள் அப்பாவுக்கு மாற்றலாகி, வீட்டுச் சாமான்களோடு குடும்பமே லாரியில் ஏறிப் போய்விட்டது. என் பதில்களை மட்டும் சொன்னால் போதும் என்றார் லூர்து டீச்சர். டஸ்டரைக் காதில் வைத்தேன். ஒரு பதில் சொன்னேன், நின்றேன். அடுத்ததைச் சொன்னேன், மறுபடியும் நின்றேன். வகுப்பு சிரித்தது. "ஏன்ட்டி நடுவுல நடுவுல நிக்க? மறந்துட்டா?" என்றார் டீச்சர். டஸ்டரை எடுக்காமலே சொன்னேன்: "இல்ல டீச்சர், அவ இன்னும் கேட்டு முடிக்கல."