நாலு விரல் கீறல்

இப்போது இருக்கிறவர்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம். வியாதி வருவதிலும் அவசரம், அது போவதிலும் அவசரம்.

வயிற்றைக் கிழித்து முழுசாக ஐந்து நாள் ஆகவில்லை. இந்தக் கண்டக்டர் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் நடப்பதுபோல ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தான்.

பெரியவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் பார்க்கத்தான் வந்திருந்தார்.

பெண்கள் வார்டில், மூன்றாவது கட்டிலில், அவருடைய தங்கச்சி ஒரு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதயத்திலிருந்து இறங்கி வருகிற பெரிய ரத்தக்குழாய் அவள் வயிற்றுக்குள் ஓரிடத்தில் புடைத்திருந்தது. பழைய சைக்கிள் டியூப் ஒரு பக்கமாகப் புடைக்குமே, அப்படி. வெடித்தால் ஆள் மிஞ்சாது.

நாளைக் காலையில் ஆபரேஷன். நெஞ்சுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை திறக்க வேண்டாம், சின்னதாகத் திறந்தே புடைத்த இடத்தில் துணிக்குழாய் வைத்துத் தைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் சரி என்று சொல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று இவள் பிடிவாதம். அப்படியென்றால் அதே ஆபரேஷன் ஆன ஆளை ஒரு நடை பார்த்துவிட்டு வரட்டும் என்று டாக்டர்தான் அனுப்பினார்.

முப்பத்தொரு வருஷம் தெருவுக்கடியில் தண்ணீர்க்குழாய் பதித்தவர் பெரியவர். தண்ணீர் கசிகிற இடத்தில் கோளாறு இருக்காது, தள்ளித்தான் இருக்கும். ஒரு முழம் உடைப்புக்கு ஆறு முழம் தோண்ட வேண்டும். முழுசாகத் திறந்து பார்க்காமல் மண்ணைத் தள்ளி மூடியவன் மறுவாரம் கடப்பாரையோடு வந்து நிற்பான். குழாய் விஷயத்தில் இந்தக் கணக்கு ஒருநாளும் அவரைக் கைவிட்டதில்லை.

கண்டக்டர் கேட்காமலேயே சட்டையைத் தூக்கினான்.

"நல்லா பாத்துக்குங்க பெரியப்பா. டிக்கெட் இல்லாமதான் காட்டுறேன்."

பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். கீறலைத் தொடாமல் அதன் பக்கத்தில் விரல்களை வைத்து அளந்தார்.

நாலு விரல். அவ்வளவுதான்.

அவருக்குக் கோபம் வந்தது.

எப்போது உட்கார வைத்தார்கள் என்று கேட்டார். மறுநாளே என்றான். நடந்தது? அதற்கடுத்த நாள். இருமினால்? தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுவேன் என்றான். சளி வெளியே வருகிறதா? வருகிறது.

இருமிக் காட்டச் சொன்னார்.

கண்டக்டர் சிரித்துக்கொண்டே வயிற்றில் கையை வைத்து இருமிக் காட்டினான்.

இன்னொரு தடவை என்றார்.

இரண்டாவது தடவை அவன் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருமினான்.

திரும்பி வந்ததும் தங்கச்சி காகிதத்தை நீட்டினாள். அதில் இரண்டு வயிறு வரைந்திருந்தது. ஒன்றில் நீளக் கோடு, இன்னொன்றில் சின்னக் கோடு. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் விரல் வைத்துச் சொல்லிவிடலாம்.

அவருக்கு அந்தக் காகிதம் புதிது இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கும் இதே வியாதி வந்தபோது, இதே டாக்டர் இதே இரண்டு வயிற்றையும் மேசைமேல் வைத்தார். எப்படியும் செய்யலாம், இந்த உடம்புக்குச் சின்னதே நல்லது என்றார். மனைவியின் கண்ணும் சின்னக் கோட்டில்தான் நின்றது. இவர் நீளக் கோட்டின்மேல் விரலை ஊன்றி, முழுசாகத் திறந்து பாருங்கள் என்றார். அவர் விரலுக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டாள்.

குழாயை நன்றாகத்தான் தைத்தார்கள். அத்தனை நீளத் தையலோடு அவளால்தான் இரும முடியவில்லை. சளி நெஞ்சிலேயே கட்டிப் பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

எந்தக் கீறலிலும் இப்படி நேரலாம் என்று டாக்டர் அன்றைக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓடியிருந்தது.

"நீ எதுல விரல் வைக்கிற அண்ணே?" என்றாள் தங்கச்சி.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னைக் கேக்காத. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. உனக்குத் தோணுறதுல போட்டுக்க."

அவள் பேனாவைத் திறந்து சின்னக் கோட்டுக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். அவர் தடுக்கவில்லை.

நாலு விரல் இடைவெளியில் என்னத்தைப் பார்த்திருப்பார்கள், எதையாவது பார்க்காமல் விட்டிருப்பார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

எதையும் விடவில்லை என்று ஒத்துக்கொண்டால், மனைவி இல்லாத அந்த வீட்டுக்கு அவரால் போக முடியாது.