கூடவே வந்தவை

“வேண்டாம்” என்று கீபோர்டில் அடித்தாள் முத்துப்பிரியா.

பக்கத்தில் நின்ற உதுமானுக்குப் பதறிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர் வந்த இரண்டு வருஷத்தில், அது கேட்ட எதற்கும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

“ஏத்தா, கோவிச்சுக்கிட்டு நின்னுறப் போகுது.”

“ஏற்கெனவே நின்னுதானண்ணே கெடக்கு.”

உண்மைதான். போடிமெட்டுக்கு மேலே, உதுமானின் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் அறையின் சூட்டைப் பார்த்துக்கொள்வது அந்தக் கம்ப்யூட்டர்தான். காலையில் அப்டேட் ஓடியபோது, இடமில்லை என்று பாதியில் மல்லாந்துவிட்டது.

அறை நிறையப் பச்சைக்காய். பாதி அவருடையது. மீதி அக்கம்பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் நம்பிக் கொடுத்தது.

சூடு ஏறினால் காய் வெடிக்கும். இறங்கினால் பச்சை வெளுத்துப்போகும். ஏலத்தில் உதுமான் ஸ்டோர் காய் என்றால் அள்ளிப் பார்க்காமலே விலை கேட்பார்கள். அந்தப் பெயர் இன்று பொழுது சாய்வதற்குள் போய்விடும் போலிருந்தது.

இப்போதைக்கு அடுப்புக்கு விறகு தள்ளும் பாண்டித்துரைதான் தெர்மாமீட்டரை எட்டி எட்டிப் பார்த்துக் கையாலேயே சமாளித்துக்கொண்டிருந்தார்.

முத்துப்பிரியா போடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவள். உதுமான் போன் போட்டதும் கடையைச் சாத்திவிட்டு ஜீப்பேறி வந்துவிட்டாள்.

திரையில் பேக்கேஜ் என்கிற குட்டி மென்பொருள்களின் பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பிரிண்டருக்கு, ப்ளூடூத்துக்கு, சீன எழுத்துக்கு, கேமராவே இல்லாத அந்தக் கம்ப்யூட்டரில் கேமராவுக்கு.

“சூடு பாக்குறது ஒரே ஒரு புரோகிராம். அதுக்கு எதுக்குண்ணே இம்புட்டுப் பரிவாரம்?”

“அதுகளா வந்துச்சுத்தா. கூடவே இதுகளும் வருது, சரியான்னு கேக்கும். சரின்னுருவேன். கூட வந்தவங்கள வாசல்ல நிறுத்துற பழக்கம் நம்ம வீட்ல கெடையாதுல்ல.”

அதுவும் உண்மைதான். காய் பறிக்க இரண்டு பேரைக் கூப்பிட்டால், ஜீப்பில் நாத்தனாரும் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து வந்து இறங்குவார்கள். உதுமான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. எல்லாருக்கும் சோலியும் உண்டு, சோறும் உண்டு. கம்ப்யூட்டரையும் அப்படியே நடத்தியிருக்கிறார்.

முத்துப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தாள்.

மொத்தமாகத் துடைத்துப் போட ஒரு கட்டளை இருக்கிறதாம். அவள் அதைத் தொடவில்லை. உன்னை யார் கூட்டி வந்தது, உன்னை நம்பி யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றிடமும் கேட்டாள். பதிலை நிறுத்திப் படித்தாள். அப்புறம்தான் அனுப்பி வைத்தாள்.

உதுமான் கொடுத்த டீ ஆடை கட்டி ஆறிப்போனது.

ஒன்றுக்கும் உதவாதது போலத் தெரிந்த ஒரு சின்னத் துண்டை எடுக்கப் போனவள், கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அது போனால் சூடு பார்க்கும் புரோகிராமும் கூடவே போய்விடும் என்று, ஓடுகிற வரிகளுக்கு நடுவில் ஒரு வரி இருந்தது.

“ஆத்தீ, நல்லவேளை” என்று அதை அங்கேயே விட்டாள்.

அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி இருக்கிறது, இந்தப் பெண்ணுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு பொறுமையோ என்று உதுமான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் கிடைத்தது. அப்டேட்டில் தேவையானதை மட்டும் உள்ளே விட்டாள். அறைக்குள் மின்விசிறி உறுமிக் கிளம்பியது. திரையில் சூட்டின் எண் அசைந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் உதுமான். “ஒங்கையி தங்கக்கையித்தா.”

“இருங்கண்ணே, இன்னும் ஒண்ணு மிச்சமிருக்கு.”

திறந்து காட்டினாள். சீட்டாட்டம். அதை நம்பி எதுவுமே இல்லை.

“சீட்டுக்கட்டா? என் ஸ்டோர்லயா? மொதல்ல அதத் தூக்கு!”

மவுசிலிருந்து கையை எடுத்த முத்துப்பிரியா, உள்ளங்கையைப் பார்த்தாள். கரி. கீபோர்டில் ஒரு பொட்டுக் கரி இல்லை. மவுசு மட்டும் அடுப்படிச் சாமான் போலக் கறுத்துக் கிடந்தது.

அவள் சீட்டாட்டத்தைத் தூக்கவில்லை.

“அண்ணே, ராத்திரி சூடு கொறஞ்சா எப்பிடித் தெரியும்?”

“அலாரம் அடிக்கும். அடிச்சா பாண்டித்துரை எந்திரிச்சு வெறகு போடணும், அதுவரைக்கும் தூங்கலாம்னு வித்தவன் சொன்னான். ரெண்டு வருசத்துல ஒரு தடவகூட அடிக்கல, பாத்துக்க. அம்புட்டுச் சுத்தமான மிசினு.”

இவ்வளவு நேரம் அனுப்பிக்கொண்டே இருந்த முத்துப்பிரியா, ஒரே ஒரு பேக்கேஜை வரச்சொன்னாள். சத்தத்துக்கானது. இத்தனை கூட்டத்தில் அது மட்டும் இதுவரை வந்திருக்கவே இல்லை.

வந்ததும் அலாரத்தைச் சோதிக்கும் பட்டனை அழுத்தினாள்.

ஸ்டோரே அலறியது.

கையிலிருந்த விறகைப் போட்டுவிட்டு பாண்டித்துரை ஓடி வந்தார்.

“என்ன பாய் சத்தம் இது? இப்பிடி ஒண்ணு இதுக்குள்ள இருக்கா?”

உதுமான் அவரையே பார்த்தார்.

பாண்டித்துரையின் கண் திரைக்குப் போனது. அங்கே சீட்டுகள் விரிந்து கிடந்தன. அவர் கரிக்கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தப்பா நெனைக்காதீக பாய். வெளாட்டுக்கு இல்ல. விடியக்காலம் கண்ணு சொக்கும். அப்பத்தான சூடு எறங்குது.”