அட்டாலியில் ஒரு பட்டம்

"ஏனுங்க, அட்டாலி மேல இருக்கற அந்தப் பையைச் சித்த எறக்கிக் குடுங்க. காத்தடிச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் கட்டி வெச்சர்றேன்."

தனப்பிரியா சொன்னதும் ஜெகதீஸ்வரன் அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, சட்டென்று கண்ணை இறக்கிக்கொண்டான்.

"இப்பவேவா? ராமேஸ்வரம் பஸ்ஸு நாளைக்குத்தானே புள்ள?"

"அதனாலதாங்க இன்னைக்கே பாக்கோணும்."

பரண் மேல் கிடப்பது சும்மா பை இல்லை. உள்ளே இருப்பது பட்டம். பையன்கள் விடுகிற காகிதப் பட்டமா என்று இளம்பிள்ளை ஊரில் பாதிப் பேர் கேட்டாயிற்று. இது கடலில் பலகை மேல் நிற்கிற ஆளையே காற்றோடு இழுத்துக்கொண்டு போகிற பட்டம். பிரித்தால் ஒரு கூடம் அகலம். பெங்களூரில் வேலையில் இருந்தபோது ராமேஸ்வரம் பக்கம் போய்க் கற்றுக்கொண்டவள், கல்யாணச் சீரோடு சீராக அதையும் புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

பிரசவத்துக்கு எடப்பாடிக்குத் தாய்வீடு போகும்போது இவனிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"உப்பு போக அலசி, நெழல்ல காய வெச்சுத்தான் சுருட்டியிருக்கறேன். ஆனா அப்படியே போட்டுறாதீங்க. மாசம் ஒருக்கா எறக்கிப் பிரிச்சுக் காத்தாட உடுங்க. உங்க ஊட்டுல பட்டுச்சேலைக்கு மடிப்பு மாத்தறீங்கல்ல, அதே மாதிரி மாத்தி வெய்யுங்க. இல்லாட்டி உள்ள இருக்கற ரப்பர் குழாய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்பறம் தூக்கி எறிய வேண்டியதுதான்."

போனில் மறக்காமல் கேட்பாள். இவன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தோசை தின்றுகொண்டே, "ஆச்சு புள்ள, செஞ்சாச்சு" என்பான்.

செய்தானா? அட்டாலிப் பக்கம் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, மகராசன்!

குழந்தை நடை பழக ஆரம்பித்த பிறகுதான், போன வாரம், அவள் திரும்பி வந்தாள். இத்தனை நாள் கழித்து முதல் தடவையாகத் தண்ணீரில் இறங்கப் போகிறாள். "ஒரே ஒரு நாள் போயிட்டு வந்தாப் போதுங்க, மனசு லேசாயிரும்" என்று ஒரு வாரமாக அதே பேச்சு. பட்டம் பாழாகியிருந்தால்? இன்னொன்று வாங்குவதெல்லாம் ஆகிற காரியமில்லை. அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

முக்காலியில் ஏறினான், இறங்கினான். தண்ணீர் குடித்தான். ஃபேனைப் போட்டான், அணைத்தான்.

"என்னங்க, இப்படி இருப்புக்கொள்ளாம சுத்தறீங்க?"

அப்போதுதான் அந்தக் கேடுகெட்ட புத்தி வந்தது. அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அதில்ல புள்ள... நான் ஒழுங்காத்தான் வெச்சிருந்தேன். எங்கம்மாதான் நடுவுல கடலக்காய் மூட்டையத் தூக்கி அது மேல போட்டுருச்சு. எலி கிலி கடிச்சிருந்தாலும் கடிச்சிருக்கும். அம்மாவுக்குத்தான் இந்தப் பட்டமே ஆகாதே."

"மூட்டையக் காணமே?"

"நேத்துத்தான் அக்கட்டால தள்ளி வெச்சேன்."

நம்பக்கூடிய பொய்தான். கல்யாணமான புதிதிலிருந்தே அவன் அம்மா காளியாத்தாள், "ஊட்டுக்கு வந்த மருமவ கடல்ல பறக்கறாளாமா! நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?" என்று தெருவே கேட்கப் புலம்பியவள்.

தனப்பிரியாவின் முகம் சுண்டிப் போயிற்று.

"அத்தை இப்படிச் செய்வாங்கன்னு நெனைக்கலீங்க."

திரும்பினால், காளியாத்தாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நிற்கிறாள். காதில் விழுந்ததா? விழாமல் என்ன! குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ஜெகதீஸ்வரன் அம்மாவைப் பார்க்காமல் பையை இறக்கிக் கொடுத்துவிட்டு, சுவர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டான்.

ஜிப்பு இழுபடும் சத்தம் கேட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"ஏனுங்க!"

"எலியா புள்ள?"

"எலியுமில்ல, ஒண்ணுமில்ல. இங்க வந்து பாருங்களே!"

பொட்டுப் பூஞ்சை இல்லை. புழுங்கின வாடை இல்லை. தனப்பிரியா பம்பை மாட்டிக் காற்றடித்தாள். குழாய் எங்கேயும் ஒட்டாமல் விம்மி எழுந்து, பட்டம் கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. துணியில் ஒரு மடிப்பின் தடம்கூட அழுந்தியிருக்கவில்லை.

குழந்தை கையைக் கொட்டிச் சிரித்தது. தனப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"விடாம எடுத்து மாத்தி மாத்தி மடிச்சாத்தாங்க இப்படி இருக்கும். நான் சொன்ன சொல்லத் தட்டாம செஞ்சிருக்கறீங்க." அடுத்த நொடியே அவள் முகம் மாறியது. "அப்பறம் எதுக்குங்க அத்தை மேல பழியப் போட்டீங்க?"

ஜெகதீஸ்வரன் குனிந்து பம்பின் குழாயைச் சுற்ற ஆரம்பித்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

காளியாத்தாள்தான் முந்திக்கொண்டாள்.

"வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பான், உடு சாமி. மாசமானா அவன்தான் எறக்குவான், பிரிப்பான், மடிப்பான். நான் அந்தப் பக்கமே போறதில்ல. இந்தக் கருமமெல்லாம் எனக்கென்ன தெரியும்?"

சொல்லிக்கொண்டே குழந்தையை மருமகளிடம் கொடுத்தவள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரிய குழாயின் அடியில் மறைந்திருந்த மூடியைத் தேடாமலே திறந்து காற்றை இறக்கிவிட்டு, பட்டத்தை ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக, கசங்காமல், தளரத் தளரச் சுருட்ட ஆரம்பித்தாள்.