ஒரு கையெழுத்து குறைகிறது

"என் ஒரு வீட்டுக்கே வராதவங்க, மிச்சம் நூத்தி நாற்பது வீட்டுக்கும் போனாங்கன்னு எப்படிங்க மேடம் நம்புறது?"

நெல்லி அவென்யூ குடியிருப்போர் சங்கத் தலைவர் மாதேஸ்வரன், நோட்டைத் தேர்தல் துணை வட்டாட்சியர் சகாயமேரி பக்கம் தள்ளினார்.

பூத் சிலிப் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கும் நோட்டு அது. அவருடைய வீட்டு எண்ணுக்கு நேராக மட்டும் காலியாக இருந்தது.

அதியமான்கோட்டை போகும் வழியில் இருக்கிற வசதியான நகர் அது. டாக்டர்கள், கிரானைட் முதலாளிகள், பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள். ஓட்டு நாளில் பாதிப் பேர் ஏற்காட்டில் இருப்பார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

இந்த நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கேலிக்கு முடிவு கட்டுவதாக மாதேஸ்வரன் அறிவித்திருந்தார். போட்டி கடுமை. இரண்டு வேட்பாளர்களும் இந்த நகருக்கு நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். 'நூறு சதவீதம் வாக்களிப்போம்' என்று வாசலில் அவர் படத்தோடு பேனரும் வைத்தாயிற்று.

ஓட்டுக்கு இன்னும் இரண்டே நாள். சங்கக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள்.

சுவரோரம் நின்றிருந்தாள் சுமலதா. அங்கன்வாடிப் பணியாளர். இந்த பூத்துக்கு பி.எல்.ஓ. என்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் அவளுக்குத்தான். வீடு வீடாகப் போய் சிலிப் கொடுத்தது அவள்.

மற்ற வீடுகளுக்கு சிலிப் வந்ததா என்று சகாயமேரி விசாரித்தார். வேலைக்காரம்மா வாங்கியிருக்கலாம், பார்க்கவில்லை என்றார் ஒருவர். டிரைவரைக் கேட்டால்தான் தெரியும் என்றார் இன்னொருவர்.

"பார்த்தீங்களா? யாருக்குமே தெரியல. எல்லாக் கையெழுத்தையும் இந்தம்மாவே போட்டிருக்கும்" என்றார் மாதேஸ்வரன். எழுத்து மூலமாகப் புகாரும் கொடுத்துவிட்டார்.

சகாயமேரி சுமலதாவிடம் திரும்பினார். பொய்க் கையெழுத்து என்றால் மெமோவோடு போகாது, சஸ்பெண்ட் வரைக்கும் போகும், அங்கன்வாடி வேலைக்கே ஆபத்து என்று சொன்னார். பதினொரு வருட வேலை.

"சார் வீட்டுக்குப் போனியா இல்லையாம்மா?"

"போனனுங்க மேடம். அவர் கையிலயே குடுத்தனுங்க."

"என் கையிலயா?" மாதேஸ்வரன் சிரித்தார். "இந்தம்மா முகத்தையே இப்பத்தான் பார்க்கறேன்."

"கையில குடுத்திருந்தா கையெழுத்து எங்க?" என்றார் சகாயமேரி.

சுமலதா மாதேஸ்வரனை ஒரு முறை பார்த்தாள். தோளில் தொங்கிய பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தப்பு செய்தவர்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

எந்த நாள், என்ன நேரம் என்று கேட்டார் சகாயமேரி. நேற்று, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி வாக்கில் என்றாள்.

"அப்ப ரொம்ப வசதியாப் போச்சு" என்றார் மாதேஸ்வரன். "என் கேட்டைப் பார்த்தாப்புல கேமரா இருக்கு. சந்திரன், நேத்து காலையில ஏழு மணியைப் போடுங்க. மேடமே பார்க்கட்டும்."

சுமலதாவின் முகம் மாறியது.

"அதெல்லாம் வேண்டாங்க மேடம். மெமோவே குடுத்துருங்க. நான் பதில் எழுதிக்கறேன்."

"பாருங்க, பயம் வந்துருச்சு" என்றார் மாதேஸ்வரன்.

செயலாளர் சந்திரன் லேப்டாப்பைச் சுவர்த் திரையோடு இணைத்தார்.

ஏழு மணி எட்டு நிமிடம். குப்பை வண்டி மாதேஸ்வரன் வீட்டெதிரே வந்து நின்றது. அதே நேரத்தில் சுமலதாவும் வந்து பெல்லை அழுத்தினாள்.

கேட் திறந்தது. காதில் போனோடு மாதேஸ்வரன். இன்னொரு கையில் பச்சைக் குப்பைக்கூடை.

அவள் ஏதோ சொல்லி, இரண்டு சிலிப்களை நீட்டினாள். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவற்றை வாங்கினார். பார்க்கவில்லை. வாங்கிய கையோடு கூடைக்குள் போட்டார். கூடையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். கேட்டைச் சாத்திக்கொண்டார்.



திரையில் சுமலதா கூடையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். உள்ளே கைவிட்டு சிலிப்களை எடுத்துக்கொண்டாள். கூடையைக் கொண்டுபோய் வண்டியில் கொட்டிவிட்டு வந்து கேட் ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி பெல் அடித்தாள். காத்திருந்தாள். இன்னொரு முறை அடித்தாள். கேட் திறக்கவில்லை.

சந்திரன் தானாகவே நிறுத்திவிட்டார்.

மாதேஸ்வரன் திரையைப் பார்த்தபடி இருந்தார். "குப்பை எடுக்கற அம்மான்னு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

சகாயமேரி புகார்க் கடிதத்தை மடித்தார்.

"வேலையே போயிருக்கும். இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

சுமலதா பையிலிருந்து இரண்டு சிலிப்களை எடுத்தாள். துடைத்துக் காயவைத்த பிறகும் ஓரத்தில் டீத்தூள் கறை இருந்தது. மேசையில், மாதேஸ்வரன் முன்னால் வைத்தாள்.

"எல்லாரும் ஓட்டுப் போடணும்னு சார்தானுங்க இத்தனை பேரைக் கூட்டியிருக்காரு. அவரோட சிலிப்பு குப்பையில கெடந்துச்சுன்னு இவங்க முன்னால நான் சொன்னா, அப்புறம் யாரு மேடம் அவர் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போட வருவாங்க?"