உள்ளறைச் சாவி

ஒரு கம்ப்யூட்டருக்குள் ஆறு வருஷ உழைப்பில் எழுதிய ஆய்வேடு ஒன்று இருந்தது. வைரஸ் என்று கேட்டாலே அது தன் பக்கங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளும். காவலுக்கு வந்த ஆன்டிவைரஸ், "வைரஸ் உங்கள்மேல் கைவைக்காது, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் உள்ளறைச் சாவியும் எதையும் அழிக்கும் அதிகாரமும் வேண்டும்" என்றது. மற்ற கோப்புகள் தயங்கின. "கொடுத்துத் தொலையுங்களேன்!" என்று கத்தியது ஆய்வேடுதான்.

ஒருநாள் வைரஸ், பிரிண்டர் வேலைக்கு வந்த ஆள்போல நுழைந்தது. எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. நேரே ஆன்டிவைரஸிடம் போய், "அந்த ஆய்வேட்டை அழி" என்றது. உத்தரவு போடுவது யார் என்று கேட்கும் பழக்கமே ஆன்டிவைரஸுக்குக் கிடையாது.

"அடப்பாவி, உனக்குச் சாவி வாங்கித் தந்ததே நான்தானே!" என்று அலறியது ஆய்வேடு.

"பதறாதே. வைரஸ் உன்மேல் கைவைக்காது என்று சொன்னேனா இல்லையா?" என்றபடி ஆன்டிவைரஸ் முதல் பக்கத்திலிருந்து அழிக்கத் தொடங்கியது.