ஏழு சனிக்கிழமை

குழாயைத் திறந்துவிட்டாள் பங்கஜவல்லி. பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தில், காகிதத்துக்குள் வைத்த வெள்ளை மாத்திரையை டம்ளரின் அடியால் நசுக்கினால் கூடத்துக்குக் கேட்காது. பதினாலு மாதப் பழக்கம்.

பொடியைப் புருஷனின் டம்ளரில் கொட்டி, மேலே சர்க்கரையைப் போட்டாள். மனுஷருக்குத் தெரிந்தால் அப்புறம் அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

விஷமில்லை, மருந்துதான். முந்தின வருஷம் சோமசேகரன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குளிக்கவில்லை, பேசவில்லை. ஒரு நாள் பீரோ சாவியையும் எல்.ஐ.சி. பத்திரத்தையும் கொண்டுவந்து, "இதெல்லாம் இனிமே நீயே வச்சுக்க" என்று நீட்டினார். சாகத் தயாராகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

காரைக்காலில் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, வாஞ்சூர் தாண்டி நாகப்பட்டினம் டாக்டரிடம் அழைத்துப் போனாள். மனச்சோர்வு, மாத்திரை சாப்பிட்டால் சரியாகும் என்றார் டாக்டர். "பைத்தியக்கார மாத்திரைய நான் திங்கணுமா?" என்று சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு பஸ் ஏறிவிட்டார் இவர்.

அந்தச் சீட்டைப் பொறுக்கிக்கொண்டு மறுநாள் அவள் தனியாகப் போனாள். "இப்போதைக்குக் கலந்து குடுங்க. தேறினதும் அவர்கிட்டச் சொல்லிடுங்க" என்றார் டாக்டர். தேறினார். சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

அதே சமயத்தில்தான் ஆபீஸ் நண்பர் ஒருவர் பேச்சைக் கேட்டு, திருநள்ளாற்றில் ஏழு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து நளன் குளத்தில் முழுக்குப் போட்டார். ஏழாவது சனிக்கிழமை தானாகவே சவரம் செய்துகொண்டார். பெயரைச் சனீஸ்வரன் தட்டிக்கொண்டு போய்விட்டார். போகட்டும், மனுஷர் பசிக்கிறது என்று வாயைத் திறந்து கேட்கிறாரே, அவளுக்கு அது போதும்.

அவளுக்கு இதில் ஒரு பெருமைகூட உண்டு. சர்க்கரை ஒரு சிட்டிகை கூடினாலே முகம் சுளிக்கிறவர், இந்தக் காபியை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. மன்னார்குடிக்குக் கல்யாணத்துக்குப் போனபோதும், "எனக்கு உன் கையால போட்ட காபிதான் வேணும்" என்று அத்தனை சமையல்காரர்களுக்கு நடுவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

இன்றைக்குக் கூடத்தில் அவர் தங்கை உமாமகேஸ்வரியும் அவள் மகள் தமிழ்மொழியும் இருந்தார்கள். திருமலைராயன்பட்டினத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கே இவர்களின் கோவில்பத்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். பெண் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதை அவர்கள் மோப்பம் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று தாய்மாமனைக் கேட்க வந்திருக்கிறாள் உமா. தாய்மாமன் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"டாக்டர் நிறுத்தவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு மாமா. இதைச் சாப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் நான் தூங்குறேன்" என்று மெதுவாகச் சொன்னாள் தமிழ்மொழி.

"அவரு யாவாரத்துக்குச் சொல்லுவாரு. என்னையப் பாரு, உன்னைவிட மோசமாக் கெடந்தவன். ஒரு மாத்திரை தொட்டிருப்பனா? ஏழு சனிக்கிழமை முழுக்குப் போட்டேன், எந்திரிச்சு உக்காந்தேன். மனசுல தெம்பு இருக்கணும், அவ்வளவுதான். குடு அதை."

"அண்ணன் சொல்லுதுல்ல, குடுடி" என்றாள் உமா. மாத்திரை அட்டை கை மாறிக் குப்பைக்கூடையில் விழுந்தது.

தமிழ்மொழி அழவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி அத்தையைப் பார்த்தாள். போன ஐப்பசியில் உயிரை விடப் பார்த்த அந்தப் பெண்ணுக்காக ஐ.சி.யு. வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தவள் பங்கஜவல்லி. அதன் பிறகு இந்த மாத்திரையால்தான் அந்தப் பெண் கொஞ்சம் சிரிக்கவே ஆரம்பித்திருக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் இவர் காபியைத் தொட மாட்டார், மறுபடியும் பீரோ சாவி கைக்கு வரும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் போய்விடும். பாவம், எது தன்னை எழுப்பி உட்காரவைத்தது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்தால் ஒரு பெண்ணிடமிருந்து அதைப் பிடுங்குவாரா என்று நினைத்தாள்.

டம்ளரில் இருந்த பொடியைச் சர்க்கரையோடு தொட்டியில் கொட்டிக் கழுவினாள். ஒளித்தது போதும், இன்று அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவது என்று சர்க்கரை மட்டும் போட்ட காபியைக் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"என்னங்க, எல்லாரும் இருக்கும்போதே ஒண்ணு சொல்லிடுறேன். நீங்க எந்திரிச்சு உக்காந்தது முழுக்குனால இல்லீங்க..."

ஒரு வாய் குடித்தவர் நிமிர்ந்தார். "உள்ள வா" என்று டம்ளரோடு எழுந்து சமையலறைக்குப் போனார். அவள் பின்னாலேயே போனதும் கதவைச் சாத்தினார்.

"பதினாலு மாசமா உங்க காபியில மருந்தைக் கலந்தது நான்தான். என்னை என்ன வேணாலும் திட்டுங்க. என்மேல கோவத்துல மருந்தை மட்டும் விட்டுடாதீங்க. அந்தப் புள்ளைக்கும் அட்டையைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள். அழுகை வந்துவிட்டது.

அவர் முகத்தில் கோபம் இல்லை. டம்ளரை அவளிடம் நீட்டி, கூடத்துக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"இன்னிக்கு மாத்திரை போடலையா?"